என்சைம் கேள்வி பதில்: ராகி, மாந்தோல், செண்டுமல்லி

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் பல வருடம் என்சைமோடு (நொதி, அதாவது உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம்) மல்லுக்கட்டியவன் நான். சத்துப் பொருள் தயாரிப்பில் இறங்குகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில்.

பாலக்கோடு மகளிர் குழு: அண்ணா, ராகியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதில்லையாமே. சத்துமாவில் ஃபைட்டேஸ் பவுடர் கலந்து பாக்கெட் போடலாமா?

காசைக் கரியாக்காதீர்கள் அக்கா. ராகியில் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்துக்கு ஆறு பாஸ்பேட் கைகள். இரும்பு, துத்தநாகம், கால்சியம் எல்லாவற்றையும் அவற்றால் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கைகளை வெட்டுவதுதான் ஃபைட்டேஸ் வேலை. ஆனால் தண்ணீர் இல்லாமல் அது வெட்டாது, காய்ந்த மாவில் சும்மா கிடக்கும். வாங்கினவர் கஞ்சியைக் கொதிக்க விட்டதும் செத்துவிடும். (பேச்சுக்குச் சொல்கிறேன், உயிரே இல்லாத புரதம் அது.)

ராகியிலேயே ஃபைட்டேஸ் உண்டு, முளைக்கும்போது கூடும். 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் விடுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் காயவைத்து, அப்புறம் வறுங்கள். மணத்துக்காக முதலிலேயே வறுத்தால் அங்கேயே காரியம் கெட்டது. பாட்டிமார் மாவைக் கரைத்து ராத்திரி புளிக்க வைத்து மறுநாள் கூழ் காய்ச்சினார்களே, அதுவும் இதே வித்தைதான். லாக்டிக் பாக்டீரியா தரும் புளிப்பில் ஃபைட்டேஸுக்குச் சுறுசுறுப்பு வரும்.

காவேரிப்பட்டணம்: சார், ஆலைகள் ஒதுக்கும் மாந்தோலில் பாலிஃபீனால் என்ற தாவரச் சத்தை எடுக்கப் பார்த்தேன். என்சைம் போட்டும் பலனில்லை.

எந்தச் சூட்டில் போட்டீர்கள்? எங்கள் ஆலையில் ஒருமுறை ஷிப்ட் ஆள் அவசரத்தில் 80 டிகிரிக் கூழிலேயே பெக்டினேஸை, அதாவது பெக்டின் என்ற பழப்பசையை உடைக்கும் என்சைமை, ஊற்றிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, டெஸ்ட் ட்யூபில் கொஞ்சம் சாறெடுத்து அமிலம் சேர்த்த ஆல்கஹாலை விட்டேன். ஜெல்லி மாதிரி கட்டி மேலே வந்து நின்றது. பெக்டின் இருந்தால்தான் அப்படிக் கட்டும். சூட்டில் என்சைம் செத்ததால் அது துளியும் உடையவில்லை.

தோலை நன்றாக அரைத்து, 45 முதல் 50 டிகிரியில், பிஹெச் (புளிப்பு அளவு) 4-இல் ஓரிரு மணி நேரம் வையுங்கள். செல்களை ஒட்டவைக்கும் பசையைப் பெக்டினேஸ் கரைக்கும், செல் சுவரை செல்லுலேஸ் என்ற இன்னொரு என்சைம் அறுக்கும், உள்ளே இருக்கும் மாஞ்சிஃபெரின் என்ற பாலிஃபீனால் வெளியே வரும். முடிந்ததும் 90 டிகிரிக்குச் சூடேற்றி நிறுத்துங்கள். தோல் அன்றன்றைக்கு வந்ததாக இருக்கட்டும், தோத்தாபுரித் தோல் வெயிலில் கிடந்தால் மதியத்துக்குள் நாற்றமெடுக்கும். முக்கியமாக, மரத்துக்கு அடித்த மருந்தும் சத்தோடு சேர்ந்து செறியும். ஆய்வகச் சோதனை இல்லாமல் விற்காதீர்கள்.

ராயக்கோட்டை விவசாயி: செண்டுமல்லியைக் கொட்டி மூடிப் புளிக்க வைக்கிறார்களே, பூ வீணாகாதா?

காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால் வீணாகாது. நுண்ணுயிர்களும் அவற்றின் என்சைம்களும் இதழை இளக்கிவிடும், பிழிந்து உலர்த்துவது சுலபம், பூவின் மஞ்சள் நிறச் சத்தான லூட்டினும் நன்றாக இறங்கும். காற்றுப் புகுந்தால் பூஞ்சணம்தான், நிறமும் போய்விடும்.

தருமபுரி கல்லூரி மாணவி: சோயாவில் பீட்டா குளுக்கோசிடேஸ் எதற்கு?

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற பாலிஃபீனால்கள் பெரும்பாலும் சர்க்கரையை முதுகில் சுமந்திருக்கும். இந்த என்சைம் அந்தச் சுமையை இறக்கும்: சர்க்கரை சுமந்த டெய்ட்சின் போய், சுமை இறங்கிய டெய்ட்சீன் வரும். குடல் உறிஞ்ச இந்த வடிவம் தோது.

ஓசூர்: இந்த என்சைமெல்லாம் சைவமா?

பூஞ்சை, பாக்டீரியாவில் எடுப்பது சைவம்தான் தம்பி. பவுடரில் என்சைமோடு வேறென்ன கலந்திருக்கிறது என்று மட்டும் சப்ளையரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.