மோஷன் மேல் மோஷன் வந்தால் கேஸ் போய்விட்டதா? சைக்கிளில் அடிபட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். சான் ஹோசேயில் சைக்கிள் லேனில் போகும்போது வலப்பக்கம் திரும்பிய கார் குறுக்கே வந்தது. ஒதுங்கப் போய் சாலைக் குழியில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. கார்க்காரர் மேலும் நகராட்சி மேலும் கேஸ் போட்டாயிற்று. இப்போது எதிர்த்தரப்பிலிருந்து மோஷனாக, அதாவது நீதிபதியிடம் உத்தரவு கேட்கும் மனுவாக வருகிறது. கடைசியாக நகராட்சி சம்மரி ஜட்ஜ்மெண்ட், அதாவது முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு, கேட்டிருக்கிறது. கேஸ் தோற்கப் போகிறதா, எச்1பி வேலை விசாவுக்கு ஆபத்தா, டிசம்பரில் ஊருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஃப்ரீமாண்டில் வெகுநாளாக இருக்கிறேன். நிறுத்தியிருந்த காரின் கதவை ஒருவர் திரும்பிப் பார்க்காமல் திறந்ததில் என் மனைவி சைக்கிளோடு விழுந்து, எங்கள் வீட்டிலும் ஒரு கேஸ் நடந்தது. அதனால் இந்தக் காகிதங்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. உங்கள் வக்கீல் வேறுமாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஊரில் வண்டி மோதி அடிபட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவோம். நீதிபதியே எல்லாவற்றையும் கேட்டுத் தொகையையும் முடிவு செய்வார், ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு) கிடையாது. இங்கே யார் மேல் தப்பு, எவ்வளவு தர வேண்டும் என்பதை ஜூரி சொல்லும். எந்தக் கேஸ் அவர்கள் முன்னால் போகலாம், அதில் எதை அவர்கள் காதில் போடலாம் என்பதை முன்கூட்டியே நீதிபதி தீர்த்துவைக்கிறார். மோஷன் என்பதெல்லாம் அதற்குத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் மோஷன் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் வந்த டெமரர் முடிந்துவிட்டது என்கிறீர்கள். ‘நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி இந்தக் கேஸுக்கு இடமில்லை’ என்பது அது. அதில் எதிர்த்தரப்பு ஜெயித்தாலும் பெரும்பாலும் கேஸைத் திருத்தி எழுத நமக்கு வாய்ப்பு தருவார்கள். நகராட்சி விஷயத்தில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. கலிஃபோர்னியாவில் அரசு அமைப்பின் மேல் காயத்துக்காக கேஸ் போடுவதற்கு முன் 6 மாதத்துக்குள் அவர்களிடமே நஷ்டஈடு கேட்டு எழுத்தில் கிளெய்ம் கொடுத்திருக்க வேண்டும். சாதாரண ஆள் மேல் போட 2 வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடுபவர்கள் டெமரரிலேயே விழுந்துவிடுவார்கள். நீங்கள் தாண்டிவிட்டீர்கள், உங்கள் வக்கீல் அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது டிஸ்கவரி, அதாவது ஒருவரிடம் ஒருவர் ஆதாரம் கேட்டு வாங்கும் கட்டத்தின் சண்டை. பத்து வருட மருத்துவப் பதிவு வேண்டும், சென்னையில் பிசியோதெரபி போன சீட்டு வேண்டும், சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா ஆப் கணக்கு வேண்டும் என்று கேட்பார்கள். தர மறுத்தால் தரவைக்க மோஷன் போடுவார்கள். தோள்பட்டை காயத்துக்கு கேஸ் போட்டதால் உங்கள் பல் வைத்தியம் வரைக்கும் திறந்துவிட வேண்டும் என்று இல்லை. வழக்கில் நீங்கள் சொல்லும் காயத்தோடு தொடர்புள்ளதுதான் கிடைக்க வேண்டும் என்று உங்கள் வக்கீல் மல்லுக்கு நிற்பார், பெரும்பாலும் நடுவில் எங்கோ முடியும். ஆனால் எதையும் அழித்துவிடாதீர்கள். பொங்கல் விழாவில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் ஃபேஸ்புக்கில் இருந்தால் இருக்கட்டும். இரண்டு நிமிடம் தூக்கினேன், ராத்திரி முழுக்க வலித்தது என்று பதில் சொல்லிவிடலாம். அழித்தது தெரிந்தால் அதற்குப் பதில் கிடையாது.

அவர்கள் தேர்ந்தெடுத்த டாக்டரிடம் உங்களைக் காட்டச் சொல்வார்கள். உடல் பரிசோதனைக்கு கோர்ட் உத்தரவு தேவையில்லை, நோட்டீஸ் போதும். இடம் உங்கள் வீட்டிலிருந்து 75 மைலுக்குள் இருக்க வேண்டும். உங்கள் தரப்பில் ஒருவர் கூட இருந்து ஆடியோ பதிவு செய்யலாம். செய்யுங்கள். டெபாசிஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே சத்தியம் செய்து பதில் சொல்லும் விசாரணையில், என் மனைவியிடம் துப்பட்டா சக்கரத்தில் மாட்டியதா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். அவள் அன்றைக்குப் போட்டிருந்தது ஜீன்ஸ்.

சரி, இப்போது உங்களைத் தூங்கவிடாத விஷயம். வருகிற மோஷன்களில் உண்மையாகவே பயப்பட வேண்டியது சம்மரி ஜட்ஜ்மெண்ட் ஒன்றுதான், ஏனென்றால் அது ஜூரியைப் பார்க்காமலே கேஸை முடித்துவிடக்கூடியது. ஆனால் அங்கே நீதிபதி யார் சொல்வது உண்மை என்று எடைபோடுவதில்லை. ஜூரி தீர்க்க வேண்டிய தகராறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். முக்கியமான விஷயத்தில் ஒரு தகராறு நின்றால் மோஷன் விழும்.

நகராட்சி என்ன வாதம் வைக்கும்? குழி அற்பமானது, குழி இருப்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை என்பார்கள். பாதைக்கான சட்டப் பாதுகாப்பையும் (சில பாதைகளில் நடக்கும் விபத்துக்கு அரசு அமைப்பு பொறுப்பில்லை என்ற விதி) இழுக்கலாம். சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தின் சைக்கிள் பாதையில் மாணவர் ஒருவர் இறந்த வழக்கு, 2015 மேல்முறையீட்டுத் தீர்ப்புப்படி, அந்தப் பாதுகாப்பினால்தான் ஜூரி வரைக்கும் போகாமல் நின்றது. உங்களுடையது ஊர்ச்சாலையில் கோடு போட்ட லேன், தனிப் பாதை இல்லை. அந்த வித்தியாசத்தை உங்கள் வக்கீல் அழுத்திச் சொல்வார். இன்னொன்று, ஓக்லாண்டில் ஸ்கைலைன் பூலவார்டில் குழியில் விழுந்த சைக்கிள்காரரின் வழக்கு. பயிற்சி ஓட்டத்துக்கு முன் ‘அடிபட்டால் கேஸ் போடமாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார் என்று சொல்லி, சம்மரி ஜட்ஜ்மெண்டில் நகராட்சி ஜெயித்தது, மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. 2025-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. சாலையை ஆபத்தில்லாமல் வைக்கும் சட்டக் கடமையை மீறிவிட்டு ஒரு கையெழுத்தைக் காட்டி நழுவ முடியாது என்றது.

இந்த மோஷனுக்கு விசாரணைத் தேதிக்கு 81 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் பதில் 20 நாள் முன்பு போக வேண்டும் என்பது 2025 முதல் உள்ள கணக்கு. அதனால் இப்போது உங்களுக்கு வேலை இருக்கிறது. எதிர்த்தரப்பு ‘இதிலெல்லாம் தகராறு இல்லை’ என்று ஒவ்வொரு விஷயமாகப் பட்டியல் போட்டிருக்கும். அதை வக்கீலிடம் கேட்டு வாங்கி, பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். விபத்து நடந்த வாரமே எடுத்த குழியின் படம், அதே இடத்தைப் பற்றி யாராவது முன்பே நகராட்சிக்குப் புகார் செய்த பதிவு, இவைதான் கேஸைக் காப்பாற்றும். உங்கள் டிக்ளரேஷனில் (உண்மை என்று உறுதி சொல்லி எழுதித் தரும் வாக்குமூலம்) கையெழுத்துப் போடுமுன் டெபாசிஷனில் சொன்னதை ஒரு தடவை படித்துவிடுங்கள். அங்கே குழியைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இங்கே பார்த்தேன் என்று எழுதினால் நீதிபதி தள்ளிவிடுவார்.

தீர்ப்பு எப்படிப் போகும் என்று முந்தின நாளே பெரும்பாலும் கோர்ட் இணையதளத்தில் தற்காலிக உத்தரவாகப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதறி எனக்கு போன் செய்யாதீர்கள், வக்கீலுக்குச் செய்யுங்கள். நகராட்சி விடுபட்டாலும் கார்க்காரர் மேல் உள்ள கேஸ் அப்படியே நிற்கும்.

டிரயல் (ஜூரி முன் நடக்கும் விசாரணை) நெருங்கும்போது வருவது இன் லிமினி மோஷன், ஜூரி முன் எதைப் பேசக்கூடாது என்பது பற்றியது. கார்க்காரரின் இன்சூரன்ஸைக் காட்டி அவர் மேல் தப்பு என்று சொல்ல உங்கள் வக்கீலால் முடியாது. மருத்துவமனை போட்ட பில் தொகையை அப்படியே கேட்கவும் முடியாது. உங்கள் இன்சூரன்ஸ் உண்மையில் கட்டியதுதான் கணக்கு, 2011-லிருந்து அப்படித்தான். உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, எச்1பிக்கு ஆபத்தா என்று கேட்டீர்களே, அதற்கான பதில் அது. காயத்துக்கான சிவில் வழக்கில் ஒருவரின் குடியேற்ற நிலையைச் சாட்சியமாக வைக்கவும் கூடாது, டிஸ்கவரியில் தோண்டவும் கூடாது என்று 2017 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம். டெபாசிஷனில் விசா பற்றிக் கேட்டால் உங்கள் வக்கீல் ஆட்சேபம் சொல்லட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம். நஷ்டஈடு கேட்டு கேஸ் போடுவது குற்றமும் இல்லை.

உங்கள் மேலும் கொஞ்சம் தப்பு என்று ஜூரி சொன்னாலும் கவலை வேண்டாம். 30 சதவீதம் உங்கள் மேல் என்றால் மீதி 70 கிடைக்கும், 1975-லிருந்து இதுதான் இங்கே வழக்கம். கார்க்காரரின் பாலிசி குறைந்தபட்சத் தொகைதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 15,000 டாலராக இருந்த அந்தக் குறைந்தபட்சம் 2025-ல்தான் 30,000 ஆனது, ஒரு அறுவை சிகிச்சைக்கே காணாது. உங்களிடம் கார் பாலிசி இருந்தால் அதில் குறை இன்சூரன்ஸ் உள்ள ஓட்டுநருக்கான கவரேஜ் இருக்கிறதா என்று பாருங்கள், சைக்கிளில் போகும்போது அடிபட்டாலும் அது வழக்கமாகப் பொருந்தும்.

டிசம்பர் பயணம்: போகலாம். டிக்கெட் போடுவதற்கு முன் வக்கீலிடம் தேதியைச் சொல்லுங்கள். டெபாசிஷனோ டாக்டர் பரிசோதனையோ குறித்திருந்தால் தள்ளிவைக்க அவர் எதிர்த்தரப்போடு பேசிக்கொள்வார். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வேலையும் இருக்கிறதென்றால், சென்னையில் மாட்டிக்கொண்டு திரும்ப நாளாகலாம் என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். டிக்ளரேஷன் கையெழுத்து மட்டும் கிளம்புவதற்கு முன்பே முடியட்டும்.