லெட்சுமியா, லக்ஷ்மியா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் அப்பாயி பெயரை வைக்கிறோம். பட்டாவிலும் ரேஷன் அட்டையிலும் அவர் ‘லெட்சுமி’. மாமனார் வீட்டிலோ, அது பட்டிக்காட்டுப் பேச்சு, ‘லக்ஷ்மி’ என்றுதான் பதிய வேண்டும் என்கிறார்கள். எது சரி?

க., பட்டுக்கோட்டை

அன்புள்ள க.,

குழந்தைக்கும் தாய்க்கும் என் அன்பு. லெட்சுமி என்றே பதியுங்கள்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களின் தொடக்கத்தில் ஜ, ர, ல என்று வந்தால் தமிழ் வாய் அதை ஜெ, ரெ, லெ ஆக்கிக்கொள்ளும். ஜயம் ஜெயமானது, ரத்தினம் ரெத்தினமானது. கங்கையைக் கெங்கை என்றும் பலத்தைப் பெலம் என்றும் சொல்வதும் இப்படித்தான். ஜெயலட்சுமி என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜயா ஜெயாவாகலாம், லட்சுமி லெட்சுமியாகக் கூடாதா? ஒரு கிழவியின் பெயரை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

பழைய இலக்கணப்படி பார்த்தால் லக்ஷ்மியும் நிற்காது. லகரத்தில் சொல் தொடங்காது என்பதால் ‘இலக்குமி’ என்று எழுத வேண்டும். கம்பரில் லக்ஷ்மணன் இலக்குவன் ஆனதும் அந்த வழியில்தான். செய்யுளுக்கு அழகான வடிவம். தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிட அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது.

இன்னொன்று. முன்னால் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கூப்பிடும்போது முதலில் உதிர்வது லட்சுமிதான். விஜயலட்சுமி விஜி ஆகிறாள். ராஜலட்சுமி ராஜி, தனலட்சுமி தனம், பாக்கியலட்சுமி பாக்கியம், மகாலட்சுமி மகா. தனி லெட்சுமியாக இருந்தால் லெச்சுமி, லெச்சு, லச்சு என்று எப்படிக் கொஞ்சினாலும் அப்பாயி பெயர் வீட்டில் புழங்கும்.

ஆங்கில எழுத்துதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. வடக்கே எக்ஸ் போடுகிறார்கள். கேரளத்திலும் குமரிப் பக்கமும் ‘லெக்ஷ்மி’ என்று படிக்கும்படி ‘இ’ வரும். மலேசியத் தமிழர் பெயர்களில் நம் லெட்சுமி அப்படியே ‘இ’, ‘டி’, ‘சி’, ‘எச்’ எல்லாம் சேர்ந்து Letchumi என்று நிற்கிறாள். எனக்குப் பிடித்தது அதுதான். எதுவானாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. மாறினால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது. மாமனார் வீட்டில் பொறுமையாகப் பேசிவிட்டே போய் எழுதுங்கள்.