நான் எழுதிய சிறிய டேட்டாபேஸ் மென்பொருளை ஓப்பன் சோர்ஸாக வெளியிடப் போகிறேன். எந்த உரிமம் நல்லது?

அவசரமாகப் பதில் வேண்டுமென்றால்: சர்வருக்கு அப்பாச்சி 2.0 (மூடிய மென்பொருளிலும் சேர்க்க விடும் தாராளமான உரிமம்) அல்லது ஏஜிபிஎல் 3 (மாற்றி நெட்வொர்க்கில் ஓட்டினால் மூலநிரலைக் கொடுக்கச் சொல்லும் உரிமம்). கிளையன்ட் லைப்ரரிக்கு, அதாவது மற்றவர்களின் நிரல் டேட்டாபேஸோடு பேச உதவும் பகுதிக்கு, கண்ணை மூடிக்கொண்டு எம்ஐடி (அதுவும் தாராளமான உரிமம்தான்) அல்லது அப்பாச்சி.

சர்வருக்கு அந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய, உரிமங்களைப் படிப்பதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பெரிய கிளவுட் நிறுவனம் உங்கள் டேட்டாபேஸை அப்படியே எடுத்து மாத வாடகைக்கு விட்டு, உங்களுக்குச் சல்லிக்காசு தராமல் சம்பாதித்தால், வயிறு எரியுமா?

போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை எழுதியவர்களுக்கு எரியவில்லை. அமேசான் கிளவுடில் விற்கும் ரெட்ஷிஃப்ட் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 8.0.2-இலிருந்து கிளைத்ததுதான். போஸ்ட்கிரெஸ் உரிமம் பிஎஸ்டி வகை. யார் வேண்டுமானாலும் எடுத்து மூடிய மென்பொருளாகவே விற்கலாம். அது தெரிந்துதான் கொடுத்தார்கள். அதனால் சண்டையும் இல்லை.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் கதை வேறு. அதுவும் ஆரம்பத்திலிருந்து பிஎஸ்டிதான். 2024 மார்ச் 20 அன்று, இனி வரும் வெர்ஷன்களுக்கு பிஎஸ்டி கிடையாது என்று அதன் நிறுவனம் அறிவித்தது. கிளவுட் நிறுவனங்கள் சும்மா இருக்குமா? ஏற்கெனவே பிஎஸ்டியில் வெளியான 7.2.4-ஐ எடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் நிழலில் வால்கீ என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். எட்டே நாள்தான் ஆனது. அடுத்த ஆண்டு மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டு திரும்ப ஓப்பன் சோர்ஸுக்கு வந்தது. வால்கீ போனது போனதுதான். கொடுத்த வெர்ஷனைத் திரும்பக் கேட்க முடியாது. எனவே எரியும் என்றால் முதல் நாளே அதற்கேற்ற உரிமத்தை, இந்த இரண்டில் ஏஜிபிஎல்லை, போட்டுவிடுங்கள்.

அதற்காக ஏஜிபிஎல் கிளவுட்காரர்களைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது கேட்பது இவ்வளவுதான்: நிரலை மாற்றி, அந்த மாற்றிய வடிவத்தை நெட்வொர்க் வழியாக மற்றவர்கள் பயன்படுத்தும்படி வைத்தால், அவர்களுக்கு மூலநிரலைக் கொடு. மாற்றாமல் அப்படியே ஓட்டி வாடகைக்கு விடலாம், தாராளமாக. அது போதாதென்றுதான் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018 அக்டோபரில் ஏஜிபிஎல்லை விட்டு, எஸ்எஸ்பிஎல் என்று தானே எழுதிய உரிமத்துக்குப் போனது. சேவையாக விற்றால் அதைச் சுற்றியுள்ள பேக்கப், கண்காணிப்பு, நிர்வாக மென்பொருள் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும் என்றது. எது ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்று அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு அதை ஏற்கவில்லை. லினக்ஸ் வகைகளான டெபியனும் ஃபெடோராவும் மோங்கோடிபியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டன. எஸ்எஸ்பிஎல் போடுவது உங்கள் இஷ்டம். ஆனால் அப்புறம் அதை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஏஜிபிஎல்லுக்கும் விலை உண்டு. கூகுள் தன் நிறுவனத்துக்குள் ஏஜிபிஎல் நிரலையே விடுவதில்லை. அந்தக் கொள்கையை வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் சட்டப் பிரிவு அந்த நான்கு எழுத்தைப் பார்த்ததும் பட்டியலில் கோடு போட்டுவிட்டது. நாங்கள் ஒரு வரிகூட மாற்றப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தோம், காதில் விழவில்லை.

கிளையன்ட் லைப்ரரியைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம், அது மற்றவர்களின் நிரலுக்குள் போய் உட்காரும் பகுதி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒரு காலத்தில் தன் கிளையன்ட் லைப்ரரியை, இளகிய எல்ஜிபிஎல்லிலிருந்து, சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் ஜிபிஎல்லுக்கு மாற்றியது. வலைத்தள நிரல்மொழியான பிஎச்பியின் உரிமத்தோடு அது ஒத்துப்போகவில்லை. கடைசியில் தனி விதிவிலக்கு எழுதிக் கொடுத்துச் சமாளித்தார்கள். மோங்கோடிபி இந்த விஷயத்தில் உஷார். சர்வர் ஏஜிபிஎல்லாக இருந்தபோதே டிரைவர்களை (அதன் கிளையன்ட் லைப்ரரிகளை) அப்பாச்சியில் கொடுத்தது.

இனி என் சொந்தக் கதை. கல்லூரி முடித்த புதிதில் ஒரு கீ-வேல்யூ ஸ்டோர் (பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் எளிய டேட்டாபேஸ்) எழுதி, யோசிக்காமல் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று போட்டேன். மூன்று வருடம் கழித்து, அப்பாச்சி 2.0-இல் இருந்த ஒரு கம்ப்ரெஷன் லைப்ரரியைச் சேர்க்கப் பார்த்தால் முடியாது, இரண்டு உரிமங்களும் ஒன்றோடொன்று ஒட்டாது. சரி, உரிமத்தை மாற்றலாம் என்றால், அதற்குள் ஒன்பது பேர் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருந்தார்கள். அவரவர் எழுதிய வரிக்கு அவரவரே உரிமையாளர். எட்டுப் பேர் சம்மதம் சொன்னார்கள், ஒருவருடைய மின்னஞ்சல் திரும்பி வந்தது. அவர் எழுதியது பி-ட்ரீ என்ற தேடல் அமைப்பில் பக்கம் நிரம்பினால் இரண்டாகப் பிரிக்கிற பகுதி, சுமார் 140 வரி. அதை நீக்கிவிட்டு, பழையதைப் பார்க்காமல் இரண்டு வார இறுதிகளில் புதிதாக எழுதினேன். அவருடையதுதான் வேகமாக ஓடியது.

அதனால் முதல் வெளியார் பேட்ச் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். பின்னால் உரிமத்தை மாற்றவோ, மைஎஸ்க்யூஎல் போல ஜிபிஎல்லோடு வணிக உரிமமும் விற்கவோ எண்ணம் இருந்தால், பங்களிப்பாளர்களிடம் சிஎல்ஏ, அதாவது அவர்கள் நிரலை வேறு உரிமத்திலும் வெளியிட உங்களுக்கு அனுமதி தரும் ஒப்பந்தம், வாங்க வேண்டும். பேட்சோடு சேர்த்துப் போடும் வெறும் 'சைன்ட்-ஆஃப்' வரி போதாது. இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஆனால் சிஎல்ஏ கேட்டாலே சிலர் ஒதுங்கிப் போய்விடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எண்ணம் இல்லையென்றால் கேட்காதீர்கள்.

எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் மாதிரி, யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொது உடைமையாக விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சில நாடுகளின் சட்டத்தில் அப்படி விட்டுக்கொடுக்க வழியே இல்லை. எஸ்க்யூலைட்காரர்களே, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களுக்காக ஓர் உரிமப் பத்திரத்தைக் காசுக்கு விற்கிறார்கள்.

என்னைக் கேட்டால் அப்பாச்சி 2.0. எம்ஐடியில் இல்லாத காப்புரிமை (பேட்டன்ட்) பிரிவு அதில் தெளிவாக இருக்கிறது. டேட்டாபேஸ் துறையில் காப்புரிமைகளுக்குப் பஞ்சமில்லை.

ஒன்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை: உள்ளே தரவை வட்டில் எழுதிப் படிக்கும் ஸ்டோரேஜ் என்ஜின் உங்களுடையதா, வேறொன்றா? ராக்ஸ்டிபி என்றால் கவலையில்லை, அது ஜிபிஎல் 2, அப்பாச்சி 2.0 என இரண்டிலும் கிடைக்கிறது. பெர்க்லி டிபி என்றால் வெர்ஷனைப் பாருங்கள். 2013-இல் 6.0 வந்தபோது அதன் உரிமையாளரான ஆரக்கிள் அதை ஏஜிபிஎல்லாக்கிவிட்டது. நீங்கள் வைத்திருப்பது அதுதான் என்றால், மொத்தத்தையும் அப்பாச்சியில் மட்டும் வெளியிட முடியாது.