ஓசியா தீர்க்கதரிசி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஓசியா ஊழியம் செய்தபோது நாடு எப்படி இருந்தது?

பதில்: கி.மு. 8ஆம் நூற்றாண்டு. வடக்கே இஸ்ரவேல் ராஜ்யம், தலைநகர் சமாரியா. இரண்டாம் யெரொபெயாம் இருந்தவரை நல்ல செழிப்பு. அவனுக்குப் பின் வந்த 6 ராஜாக்களில் 4 பேரைக் கொன்றே அடுத்தவன் சிங்காசனம் ஏறினான். மெனாகேம் 1,000 தாலந்து வெள்ளியை அசீரிய ராஜாவுக்குக் கொட்டிக் கொடுத்துப் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான்.

கேள்வி: பிரதர், ஜனங்கள் பலி செலுத்திக்கொண்டுதானே இருந்தார்கள்? அப்புறம் ஏன் "திரும்பு" என்கிறார்?

பதில்: வேதனையே அதுதான். கில்காலில் காளைகளைப் பலியிட்டார்கள். ஆனால் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கானானியரின் தெய்வமான பாகால் தந்தவை என்று நம்பினார்கள். கர்த்தர் கொடுத்த வெள்ளியும் பொன்னும்கூட அவனுக்கே போயின. உங்கள் பக்தி காலை மேகம்போல ஒழிந்துபோகிறது என்கிறார் கர்த்தர். "பலியை அல்ல இரக்கத்தையும்" விரும்புகிறேன் என்பதும் (6:6) அங்கேதான் வருகிறது. மத்தேயுவில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொன்ன வசனம் இது.

கேள்வி: கர்த்தர் சொன்னபடி ஓசியா மணந்து, பிறகு அவருக்கே துரோகம் செய்த மனைவி கோமேரைப் பற்றிப் படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது ஐயா. தம் ஊழியக்காரனை ஆண்டவர் இப்படி நடத்தலாமா?

பதில்: கஷ்டமாகத்தான் இருக்கும் சகோதரி. அதை லேசாக்கிப் பேச எனக்கு மனமில்லை. 3ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள், ஐந்தே வசனங்கள். 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு ஸ்திரீயை மீட்கிறார். அவள் கோமேர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து, என் கருத்தும் அதுவே. கையிலிருந்த காசு போதாமல் வாற்கோதுமையை அளந்து போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். துரோகம் செய்தவளுக்காக, துரோகத்தால் நொந்தவரே விலை கொடுக்கிறார். இஸ்ரவேலைக் கர்த்தர் தேடிய விதத்தை ஓசியா தன் வீட்டிலேயே அனுபவித்தார்.

கேள்வி: மனந்திரும்பு என்கிறார், சரி. நடைமுறையில் என்ன செய்யச் சொல்கிறார்?

பதில்: 14ஆம் அதிகாரம் பாருங்கள் தம்பி. காணிக்கை கேட்கவில்லை, வார்த்தைகளோடு வா என்கிறார். என்ன சொல்லவேண்டும் என்பதையும் அவரே சொல்லித்தருகிறார்: அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை, குதிரைகளின்மேல் ஏறமாட்டோம், எங்கள் கைவேலையை இனி தேவர்கள் என்று சொல்லமாட்டோம். எதையெல்லாம் நம்பியிருந்தார்களோ, அதையெல்லாம் பெயர் சொல்லி விடவேண்டும். "அவர்கள் சீர்கேட்டை நான் குணமாக்குவேன்" என்ற வாக்கு அடுத்ததாகவே வருகிறது.

கேள்வி: கேட்டார்களா?

பதில்: ராஜ்யமாகக் கேட்கவில்லை. கி.மு. 722இல் சமாரியா விழுந்தது, ஜனங்கள் அசீரியாவுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். ஆனால் "என் ஜனமல்லாதவர்களை என் ஜனம் என்பேன்" என்ற அவருடைய செய்தியை, புறஜாதியாரும் அழைக்கப்பட்டதற்கு ஆதாரமாக ரோமர் 9இல் பவுல் ஓசியாவின் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டுகிறார்.