பூரியை நாமளே உடைக்கணுமா? – வாசகர் கேள்வி பதில்

கே: பொண்ணு பொறந்தநாளுக்கு குடும்பத்தோட ஒரு ஏசி ரெஸ்டாரன்ட் போனோம். பானிபூரி கேட்டா தட்டுல ஆறு பூரி, ஒரு கிண்ணத்துல கிழங்கு, இன்னொண்ணுல பானி, ஒரு ஸ்பூன், "நீங்களே ஃபில் பண்ணிக்கங்க மேடம்"னு வச்சிட்டு போயிட்டாங்க. ரெண்டு பூரி நொறுங்கிடுச்சு, ஒண்ணு மாமியார் புடவைல ஊத்திடுச்சு. எரிச்சல்பட்டது என் தப்பா?
– வாசகி, திருச்சி

ப: உங்க தப்பே இல்லம்மா. பானிபூரில கை தேர்ந்த வேலையே அந்த கடைசி பத்து செகண்ட்தான். தள்ளுவண்டிக்காரர் கைய ஒரு தடவ நின்னு கவனிங்க, உப்பின பூரிக்கு ஒரு பக்கம் மெல்லிசா இருக்கும் இன்னொரு பக்கம் கெட்டியா இருக்கும், அவர் பாக்காமலே மெல்லிசு பக்கத்த மேல திருப்பி கட்டை விரலால ஒரு அழுத்து, ஓட்டை மட்டும் விழும் பூரி உடையாது, கிழங்க அடைச்சு பானைக்குள்ள முக்கி சொட்ட சொட்ட உங்க தொன்னைல வைப்பாரு, நீங்க மென்னு முடிக்கிற நேரம் பாத்துதான் அடுத்தது வரும். தண்ணி பட்ட பூரி ரொம்ப நேரம் மொறுமொறுன்னு நிக்காதே. தினமும் வீட்டுல எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசில உக்கார்றவங்க ஹோட்டலுக்கு வர்றதே, இன்னிக்கு ஒரு வேளையாவது யாராச்சும் செஞ்சு நம்ம கையில குடுப்பாங்கன்னுதான். அங்கயும் அவங்ககிட்டயே ஸ்பூன குடுத்தா கோபம் வரத்தான் செய்யும்.

கே: இலை சாப்பாட்டுலயும் நாமதானே பிசையறோம், கொரியன் கடைல கறிய மேஜைலயே வாட்டி சாப்பிடறாங்க. அதெல்லாம் சரின்னா இது மட்டும் என்ன தப்பு?
– வாசகர், கோவை

ப: நியாயமான கேள்வி சார். ஆனா இலைல எதுவும் பாதி வேலையா வர்றதில்ல. சாம்பார்னா கொதிச்சு தாளிச்சு முடிஞ்ச சாம்பார், வெந்த பருப்பையும் புளித்தண்ணியையும் தனித்தனியா வச்சு கலந்துக்கங்கன்னு யாரும் சொல்றதில்ல. பிசையறது சாப்பிடறதுலயே சேர்த்தி. ரசம் எப்ப மோர் எப்பன்னு பாத்து ஒருத்தர் வாளியோட வந்துட்டும் இருப்பாரு.

கொரியன் விஷயம் வேற. 1998ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்ச பிறகு கொரியாக்காரங்க நிறைய பேர் சென்னைல வந்து தங்கினாங்க, அவங்களோட கடைகளும் வந்துச்சு. தணல்லேருந்து எடுத்த சூடான பன்னிக்கறி, ஜில்லுனு ஒரு லெட்டூஸ் இலை, நடுவுல சம்ஜாங்னு சோயாவும் மிளகாயும் சேர்ந்த விழுது, எல்லாத்தையும் சுருட்டி ஒரே வாயில போடணும், முன்னாடியே சுருட்டி வச்சா இலை வாடிடும். அதனால மேஜைல செய்யறதுக்கு காரணம் இருக்கு. பல கடைகள்ல கறிய திருப்பி கத்திரிக்கோலால வெட்டிக் குடுக்க ஆளே வந்து நிப்பாங்க.

பானிபூரியும் கிச்சன்லேருந்து வர்றதுக்குள்ள நமுத்துடும்னு சொல்லுவாங்க, உண்மைதான். அப்ப ஒரு ஆள் மேஜை பக்கத்துல நின்னு செஞ்சு குடுக்கட்டும், கல்யாண வீட்டு சாட் கவுண்டர்ல அப்படித்தானே செய்யறாங்க?

கே: எல்லா வேலையும் நம்மளயே செய்ய விட்டுட்டு பில்லுல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடறாங்க. குடுத்துதான் ஆகணுமா?
– வாசகர், தாம்பரம்

ப: வேண்டாம். தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லிடுச்சு, வேற பேர்ல போடறதும் கூடாது. 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னது சரின்னு தீர்ப்பு குடுத்திருக்கு. ஜிஎஸ்டி வேற, அது வரி, கட்டணும். சர்வீஸ் சார்ஜ எடுத்துட்டு வேற பில் குடுங்கன்னு கேளுங்க, மாட்டேன்னா அங்க உக்காந்தபடியே 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டு புகார் குடுங்க, பில்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க.