அம்மம்மா எந்த வரியில் நித்திரையானார்?

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் தரம் 11 மாணவி. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் பாடசாலை மட்டத்தில் முதலாமிடம் வந்தேன். அடுத்த மாதம் வலய மட்டப் போட்டி. தலைப்பு ‘எங்கள் திருகோணமலை’. நேரம் ஐந்து நிமிடம். ரியூசன் சேர் எட்டுப் பக்கம் எழுதித் தந்தார். மூன்று கிழமையாகப் பாடமாக்குகிறேன். பாடசாலைப் போட்டியிலேயே நடுவில் ஓரிடத்தில் மறந்துபோய், மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். கை வேறு நடுங்குகிறது. முதலில் அம்மம்மாவுக்குத்தான் சொல்லிக் காட்டினேன். அவருக்கு 74 வயது, சேனையூர்ப் பக்கம், பெரிதாகப் படிப்பு இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே நித்திரையாகிவிட்டார். அதனால் இப்போது அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால்தான் பழகுகிறேன். மறக்காமல் இருக்கவும் சபைப் பயம் போகவும் ஒரு வழி சொல்லுங்கள்.
உப்புவெளி மாணவி

பதில்: மகள், உன் பயம் கொஞ்சம் பொறுக்கட்டும். அம்மம்மா எந்த வரியில் நித்திரையானார்?

இரண்டாம் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் பக்கத்தில் எந்த வரி? உனக்குத் தெரியாது. மனதுக்குள் ஓடிய எட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாய், எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது கண் மூடியிருந்தது. உடனே காரணமும் கண்டுபிடித்துவிட்டாய். வயது 74, படிப்பு இல்லை. எனக்கு அந்த ஒரு வரிதான் உன் கடிதத்தில் உறுத்தியது. இதே அம்மம்மா கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த தலைமுறை. அவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதே. சொல்லுகிறவருக்குச் சொல்லத் தெரிந்தால் கண் கொட்டாமல் கேட்பார்கள்.

உன் பேச்சில் எப்படியும் மூன்று குறள் இருக்கும். அதனால் குறளிலிருந்தே கேட்கிறேன். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை, நீ கேட்கிற விஷயம். அதற்கு முன்னால் 72 என்ன? அவையறிதல். அதற்கும் முன்னால் 71, குறிப்பறிதல். முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது முதலில், முன்னால் இருப்பவர்கள் யார் என்று அறிவது அடுத்தது, பயம் அதற்கும் பிறகு. நீ முதல் இரண்டையும் தாண்டிப் பாய்ந்து மூன்றாவதில் வந்து விழுந்திருக்கிறாய். உன் வீட்டுக் கட்டிலிலேயே ஒரு சபை இருந்தது. அது தூங்கிக் காட்டியது. அதைவிட நேர்மையான நடுவர் வலயத்தில் உனக்குக் கிடைக்கமாட்டார். நடுவர்களான நாங்கள் மேசையில் இருந்து மரியாதைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்போம், அவ்வளவுதான்.

நீ என்ன செய்தாய்? கதவைப் பூட்டினாய். கண்ணாடி கொட்டாவி விடாது, அதனால் உனக்கு அது பிடித்திருக்கிறது. கதவுக்கு வெளியே ஒரு மனுஷி, தான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தைப் பற்றிப் பேத்தி யாருக்கோ சொல்லிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, எட்டுப் பக்கத்துக்கு வருவோம். அதை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்லுகிறேன். உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம். திருஞானசம்பந்தர் பாடிய கோணேஸ்வரம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது. இராவணன் வெட்டு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். நிலாவெளி, புறாத்தீவு. முன்னால் ‘நடுநிலை தவறா நடுவர் அவர்களே’ என்று தொடங்கி அரை நிமிடத்துக்கு வணக்கம். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இதே வரிசையை ஒரே காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். ஏழாவது பிள்ளை கன்னியாவுக்கு வரும்போது எனக்கே கண் சொருகும். உன் அம்மம்மாவை நான் எப்படிக் குறை சொல்ல?

அவர் தூங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உன் திருகோணமலையில் அவர் இல்லை. சேனையூரில் பிறந்தவருக்குத் திருமலை என்றால் என்ன என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? அந்தக் காலத்தில் மூதூர் இறங்குதுறைக்கு வந்து, லோஞ்சில் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து வரவேண்டியிருந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று அவரைக் கேள். தரை வழியாக வந்தால் பாதையில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பாதை என்றால் உனக்கு ரோட்டு மட்டும்தான் தெரியும். ஆற்றைக் கடக்க பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்கும் எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம் என்று சேர் எழுதித் தந்திருப்பார். அந்த 396 மீற்றரைக் கடக்க வரிசையில் காத்து நின்ற மணித்தியாலங்களை அவர் எழுதித் தரமாட்டார். அது அம்மம்மாவிடம் இருக்கிறது.

1964 டிசம்பர்ச் சூறாவளியைக் கேள். அவர் அப்போது சிறுமி. வீட்டுக்கூரை என்ன ஆனது, இரவு எங்கே ஒதுங்கினார்கள், விடிந்தபோது என்ன கண்டார்கள் என்று கேள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதும் உன் பக்கங்களில் ஒரு திகதியாக நிற்கும். அதை அம்மம்மா பார்த்திருக்கமாட்டார், ஆனால் அவருடைய தாய் ஏதாவது சொல்லியிருக்கக்கூடும். இவற்றில் ஒன்று கிடைத்தாலே போதும். எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கத்தைத் தூக்கிப் போடலாம்.

எப்படியும் போடத்தான் வேண்டும். ஒரு கணக்குப் பார். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொல் வரும். ஐந்து நிமிடத்துக்கு 450. கையெழுத்தில் பக்கத்துக்கு 120 சொல் என்று வைத்தாலும் எட்டுப் பக்கம் 960 சொல். இரண்டு மடங்குக்கும் மேல்! கடுகதி பஸ் மாதிரி ஓடினால்தான் மணி அடிக்குமுன் முடிக்கலாம். ஓடுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கை நடுங்கும். உன் நடுக்கத்தில் பாதி அந்த எட்டுப் பக்கம்தான். மீதிப் பாதி எல்லாருக்கும் உண்டு, பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அடங்கும். கையில் தாள் மட்டும் வைத்திருக்காதே, விரல் ஆடுவதைத் தாள் பத்து மடங்காக்கிக் காட்டும்.

மறதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். அடுத்தவர் கோத்த மாலையைப் பாடமாக்கினாய். ஒரு மணி கழன்றால் மற்றதெல்லாம் கொட்டும். நீ அங்கே அடுத்த சொல்லைத் தேடினாய், அடுத்த விஷயத்தைத் தேடவில்லை, ஏனென்றால் விஷயம் உன்னுடையதாக இருக்கவில்லை. இந்த முறை பேச்சை அம்மம்மாவின் பயணமாக அடுக்கு. மூதூர் இறங்குதுறை, குடாவின் நடுக்கடல், துறைமுக வாசல், திருமலைக் கரை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு விஷயத்தை இறக்கி வை. கோணேசர் மலை கடலிலிருந்து தெரியும் இடத்தில் கோயிலைச் சொல், 1622ஐயும் அங்கேயே சொல். அப்போது அது திகதியாகக் கேட்காது. முதல் இரண்டு வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் பாடமாக்கு. நடுவில் ஏதாவது தவறினால் வாயை மூடி ஒரு மூச்சு எடுத்து, அடுத்த இறங்குதுறைக்குப் போய்விடு. உன் தாள் எங்கள் மேசையில் இல்லை. நீ விட்டது எங்களுக்குத் தெரியவே தெரியாது, நீ மேலே பார்க்காத வரைக்கும்.

சேரிடம் போ, ஆனால் எழுதி வாங்க வேண்டாம். நீ எழுதியதைக் கொண்டுபோய் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, உச்சரிப்புத் திருத்தச் சொல். ல, ள, ழ மூன்றையும் அவர் முன்னால் சொல்லிக் காட்டு. அது அவருடைய வேலை. இன்னொருவரின் பேச்சுக்கு மேடையில் நின்று கைதட்டு வாங்குவதை நான் பரிசு என்று எண்ணுவதில்லை. இதில் உன் அம்மாவிடமும் எனக்குக் கோபம். எட்டுப் பக்கத்துக்கு ரியூசன் காசு கொடுக்க முடிந்தவர், ‘உன் அம்மம்மாவைக் கேள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொந்தத் தாய்தானே.

இன்றைக்குப் பின்னேரம் அறைக் கதவைத் திற. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இரு. முதல் நாள் பேசாதே, கேட்டுக்கொண்டே இரு. போனில் பதிவு செய்தாலும் சரி. ஒரு கிழமை கழித்து நீ எழுதியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக் காட்டு. கண் மூடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடு, அந்தப் பகுதியை வெட்டு. ‘அப்படியில்லை பிள்ளை’ என்று அவர் இடைமறித்தால் நிறுத்திவிட்டு, அவர் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொள்.

போட்டியன்று அவரையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வா. நெரிசலுக்கு முன்னாலேயே வந்து, ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு, நீ மேடையில் நின்றால் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து இருத்து.