மண்டோருக்கு எதற்குக் கோச்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்ட 14 பேர் இருந்தார்கள். இப்போது 9 பேர். தோட்டம் முழுவதையும் ஒருமுறை வெட்டி வரும் சுற்று 12 நாளில் முடிந்தது, இப்போது 20 நாளாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து நிர்வாகம் மூன்று மண்டோர்களுக்கு (வேலையாட்களை நடத்தும் கங்காணிகளுக்கு) தலைமைத்துவக் கோச் (பயிற்றுநர்) ஒருவரை அமர்த்துகிறது. செம்பனையே தெரியாதவராம். அந்தப் பணத்தில் ஆள் பிடிக்கலாமே?

தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள கிராணி அவர்களுக்கு,

ஆள் குறையைக் கோச் தீர்க்க மாட்டார். தீர்ப்பேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆனால் இருக்கும் 9 பேரை எந்தப் பிளாக்கில் விடுவது என்று காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்தில்) முடிவெடுப்பவர் மண்டோர். சுற்று நீண்டால் பழம் மிதமிஞ்சிக் கனிந்து உதிரும், பொறுக்க ஆளில்லாமல் புல்லில் கிடக்கும், ஆலைக்குப் போகும் பழத்தில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறையும். இந்த நெருக்கடியில் மண்டோர் எல்லாப் பிளாக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்ட வைப்பார், எதையும் முடிக்க மாட்டார். துரை (தோட்ட மேலாளர்) கேட்டால் 'போயிட்டுத்தான் வந்தோம்' என்று சொல்லலாமே!

செம்பனை தெரிந்தவர் வந்தால் பதிலையே சொல்லிவிட்டுப் போய்விடுவார். தெரியாதவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்க வேண்டியவை நாலு: இந்தச் சுற்றில் என்ன முடிய வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி உண்டு, எதை எந்த நாளுக்குள் செய்வீர்கள். கோச்சிங் முன்னோடி ஜான் விட்மோர் பரப்பிய முறை இது. பலர் வழுக்குவது இரண்டாவதில். 'ஆள் இல்லை' என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. எந்தப் பிளாக் கடைசியாக எப்போது வெட்டப்பட்டது, உதிரி பொறுக்க எத்தனை பேர் என்று கணக்குப் புத்தகத்தைத் திறக்க வைக்க வேண்டும். அந்தப் புத்தகம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது?

இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு மணி நேரம், மூன்று மாதம் போதும். தமிழிலோ மலாயிலோ பேசத் தெரிந்தவராக இருக்கட்டும்.

காரியம் கெடுவது வேறிடத்தில். மண்டோர் மனம்விட்டுப் பேசியது மறுநாள் துரை காதுக்குப் போனால், பிறகு அவர் வாயிலிருந்து 'எல்லாம் நல்லாத்தான் போகுது' என்பதைத் தவிர எதுவும் வராது. அதனால் முதல் நாளே துரை, மண்டோர், கோச் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்: வெளியே போவது வருகைக் கணக்கும் ஒப்புக்கொண்ட இலக்கும் மட்டும்.

பணத்துக்கு வருகிறேன். மலேசியத் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்கள் சம்பளத்தில் 1 விழுக்காடு மனிதவள மேம்பாட்டு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) நிர்வாகம் கட்ட வேண்டும். கோச் செலவை அதிலிருந்து கோர முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். அது பயிற்சிக்கென்றே ஒதுங்கிய பணம். அதை எடுத்து ஆள் பிடிக்க முடியாது.